ஃப்ளெக்ஸில் ஒரு திருத்தம்

மாதவராஜ் சார், பேருந்து நிலையத்துக்கு எதிரே நீங்கள் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸில் ஒரு பிழை இருக்கிறது. அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் சதுரங்க மன்றத்துக்குச் செயலாளர் நீங்கள், நான் சாதாரண உறுப்பினன்தான். ஆனாலும் ஒன்பது வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் வராமல் இருந்ததில்லை.

படம் நன்றாகவே இருக்கிறது. கட்டம் போட்ட சட்டையில் வியாகுலம் அண்ணன் சிரிப்பதை அப்படியே எடுத்திருக்கிறார்கள். ‘வியாகுலம் நினைவுச் சதுரங்கப் போட்டி’ என்ற எழுத்திலும் குறையில்லை. அதற்குக் கீழே ‘தோல்வியே காணாத எங்கள் வியாகுலம்’ என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதுதான் தப்பு. அவர் ஒரு முறை தோற்றார். என்னிடம்தான் தோற்றார். நாள், மணி, காய் நகர்த்தியது எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. வருகிற ஞாயிறு போட்டி தொடங்குவதற்குள் அந்த வரியைத் திருத்த வேண்டும். பச்சியப்பனாவது வியாகுலத்தை ஜெயிப்பதாவது என்று நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் எப்படி ஜெயித்தேன் என்று முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். வரும் கரும்பில் சாறு எடுத்து, அதில் சர்க்கரை எவ்வளவு என்று அளந்து எழுத வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் அதில் ஒரு நிம்மதி உண்டு. சர்க்கரை குறைந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். வெட்டி மூன்று நாள் வெயிலில் கிடந்த கரும்பாக இருக்கும், இல்லையென்றால் தண்ணீர் அதிகம் பாய்ந்த வயலாக இருக்கும். தேடினால் காரணம் கிடைக்கும். தேடியும் கிடைக்காத ஒன்றை நான் பார்த்தது வியாகுலம் அண்ணனிடம்தான்.

உங்களுக்கு அவரை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தெரியும். தக்காளி மார்க்கெட்டில் ஏலம் கூவி முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, மற்ற நாட்களில் மூன்று மணிக்கெல்லாம் குப்புராஜின் டீக்கடைப் பின்னறைக்கு வந்துவிடுவார். என் ஷிப்ட் ஒத்துவரும் நாட்களில் நானும் போவேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர். செஸ் புத்தகம் என்று ஒன்று உண்டென்பதே அவருக்கு என்னைப் பார்த்துத்தான் தெரியும். நான் பதினோரு புத்தகம் வாங்கிப் படித்தேன், மொபைலில் ஆப் போட்டுக்கொண்டேன், ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் எழுதி வீட்டுக்குப் போய் முதலிலிருந்து ஆடிப் பார்த்தேன். தலைகீழாக நின்று பார்த்தும் ஒரு ஆட்டம் ஜெயிக்க முடியவில்லை.

தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்தபின் அவர் செய்வதைத்தான் என்னால் தாங்க முடிந்ததில்லை. காய்களை மறுபடி அடுக்கி, நடுவில் ஏதோ ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு கட்டத்தின் மேல் விரலை வைப்பார். “இங்கதான் பச்சி தப்பு. மந்திரிய இங்க வெச்சிருந்தா என்னைய ஒண்ணும் பண்ண வுட்டிருக்க மாட்ட” என்பார். அதில் துளி கேலி இருக்காது. பாசமாகத்தான் சொல்வார். அவர் சொன்னது சரி என்று வீட்டுக்குப் போனதும் ஆப் காட்டும். எனக்கு வயிறு எரியும். அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

எப்படி இவ்வளவு தெரிகிறது என்று ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அதற்கு அவர், “நான் எங்கப்பா காயப் பாக்கறேன், உன் மூஞ்சியப் பாக்கறேன். ஏலத்துல நிக்கறவன் எந்த வெல வரைக்கும் போவான்னு அவன் மூஞ்சியிலயே எழுதியிருக்கும். உனக்கும் எழுதியிருக்குது” என்றார். அதன்பிறகு ஒரு மாதம் நான் முகத்தைக் கையால் தாங்கி மறைத்துக்கொண்டு ஆடினேன். அந்த மாதமும் எல்லா ஆட்டமும் தோற்றேன்.

போன வருஷம் ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக எல்லா நோட்டையும் எடுத்து ஒரு பெரிய அட்டவணை போட்டேன். ஐந்நூற்றுச் சொச்சம் ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. ஆனால் பதினாலு டிரா இருந்தது. அவை எந்தெந்த நாளில் வந்தன என்று பார்த்தேன். பதினாலும் வெள்ளிக்கிழமை. பதினாலும் பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள். மறுபடி எண்ணிப் பார்த்தேன், மாறவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அவர் கிறிஸ்தவர், அது தவக்காலம். அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருப்பார்கள், ஒரே ஒரு வேளைதான் சாப்பாடு. அந்த நாட்களில் குப்புராஜ் சூடாக மசால்வடை கொண்டுவந்தால்கூட அண்ணன் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். ஆக, பட்டினி கிடக்கிறார். பட்டினியில் மூளை மந்தமாகிறது. அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு, காலையில் ராயம்மா அண்ணி ஊசி போட்டு அனுப்புவார். சர்க்கரை குறைந்தால் எதுவும் சரியாக ஓடாது என்பது என் தொழிலிலேயே நான் படித்த பாடம். ஒன்பது வருஷம் தேடிய காரணம் கையில் கிடைத்துவிட்டது.

பலவீனம் எது என்று தெரிந்தபின் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எதிராளியைப் பற்றி எல்லாம் படித்துவிட்டுத்தான் எதிரே உட்காருகிறார்கள். நான் அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

அண்ணனின் மகள் அருள்ராணிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. அது அவருக்கு ஒரு குறை. பிப்ரவரியில் ஒரு நாள் அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். எங்கள் பக்கம் இப்படி ஒரு குறை என்றால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி விரதம் இருப்போம், ஒருசந்தி என்று ஒரு வேளை சாப்பிடுவதெல்லாம் ஒரு விரதமா, மகளுக்காகத் தவக்கால வெள்ளி பூராவும் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரோடு இருக்கலாமே என்றேன். ராயம்மா விடமாட்டாளே என்றார் அவர். அண்ணிக்குத் தெரிய வேண்டாம், ஊசியை எப்போதும்போல் போட்டுக்கொள்ளுங்கள், காலைக் கஞ்சியையும் மதியச் சோற்றையும் மார்க்கெட்டிலேயே முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்று வழி சொன்னேன். அவருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. டீ மட்டும் விடமாட்டேன் என்றார். சரி, டீ விரதத்தில் சேராது என்று நானே அனுமதி கொடுத்தேன்.

அருள்ராணி இப்போது நாலு மாதம். கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் எனக்கும் பங்கு உண்டு என்று யாரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

முதல் வெள்ளி டிரா. இரண்டாம் வெள்ளி டிரா. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மனுஷன் விடிந்ததிலிருந்து சாப்பிடவில்லை, ஆனாலும் ஜெயிக்க விடமாட்டேன் என்கிறார். எங்கே கசிகிறது என்று பார்த்தேன். குப்புராஜின் டீயில் சர்க்கரை மூன்று கரண்டி விழுகிறது. டாக்டர் அண்ணனுக்குச் சர்க்கரையே கூடாது என்று சொல்லிவிட்டாராம், போடாதே, கேட்டால் சங்கடப்படுவார் என்று குப்புராஜிடம் சொல்லி வைத்தேன். அவனும் பாவம், அக்கறையாகப் போடாமல் கொடுத்தான். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வெள்ளியும் டிரா.

மீதி இருந்தது ஆரஞ்சு மிட்டாய். காய்கள் போடும் மரப்பெட்டியின் மூலையில் எப்போதும் நாலைந்து மிட்டாய் வைத்திருப்பார். கை நடுங்க ஆரம்பித்தால் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். எந்த ஆட்டத்தில் எத்தனையாவது நகர்த்தலில் மிட்டாய் போட்டார் என்பதுகூட என் நோட்டில் இருக்கிறது. மூன்றாம் வெள்ளியன்று மூன்று மிட்டாய். நான்காம் வெள்ளி மதியம் அரை மணி முன்னதாகப் போய்ப் பெட்டியைச் சுத்தம் செய்தேன். மிட்டாய் இருந்தால் எறும்பு வரும்.

அன்று நல்ல வெயில். கறுப்புக் காய் எனக்கு. கடிகாரத்தில் ஆளுக்கு நாற்பத்தைந்து நிமிஷம் வைத்தோம். குப்புராஜ் டீ கொடுத்துவிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பால் எடுக்கக் கிளம்பினான். அவன் போனால் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். நான் மிக நன்றாக ஆடினேன். என் வாழ்க்கையில் அப்படி ஆடியதில்லை. அவர் யானையை நான் ஒரு மூலையில் கட்டிப்போட்டேன், அவர் என் குதிரையைக் கட்டிப்போட்டார். இருபத்தைந்தாவது நகர்த்தலில் அவருக்கு வேர்க்க ஆரம்பித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த வெயிலில் யாருக்கும் வேர்க்கும்.

முப்பதாவது நகர்த்தலை நான் ஆடிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினேன். அவர் பக்கம் பத்தொன்பது நிமிஷம் இருந்தது, என் பக்கம் பதினொன்று. அவர் பலகையைப் பார்க்காமல் பெட்டியை இழுத்து உள்ளே துழாவினார். விரல்கள் நிதானமில்லாமல் ஓடின.

“பச்சி, இதுல முட்டாய் வெச்சிருந்தனே.”

“எறும்பு வந்துடுச்சுண்ணா, கொட்டிட்டேன். ஆட்டம் முடியட்டும், வாங்கியாறேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கையால் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது, அவர் கடிகாரத்தில் ஒரு நிமிஷத்துக்கு மேல் போனது. பிறகு வலது கையைப் பலகைக்கு மேலாக என் பக்கம் நீட்டினார். ஏதோ சொன்னார், நாக்கு குழறியதால் எனக்குப் புரியவில்லை. டிராவுக்குத்தான் கை நீட்டுகிறார் என்று நினைத்தேன். டிரா எனக்கு வேண்டாம் என்று தலையாட்டினேன். இத்தனை வருஷம் காத்திருந்து, நிலை நன்றாக இருக்கும்போது எவன் டிராவுக்கு ஒத்துக்கொள்வான்.

கை அப்படியே பலகையில் விழுந்தது. இரண்டு சிப்பாயும் ஒரு மந்திரியும் சாய்ந்தன. சாய்த்தவர்தான் தன் நேரத்தில் நிமிர்த்த வேண்டும் என்பது விதி. இருந்தாலும் நான் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை, அவர் கையை மெல்ல எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, காய்களை இருந்த இடத்திலேயே நிமிர்த்தினேன். அவர் தலை சுவரில் சாய்ந்திருந்தது. மூச்சு பெரிதாக வந்தது. கண் பாதி திறந்திருந்தது.

எதிராளியின் கடிகாரம் ஓடும்போது அவரை எந்த விதத்திலும் தொந்தரவு செய்யக் கூடாது. அது உலகம் பூராவும் உள்ள விதி, நம் மன்றத்துச் சுவரில் நீங்களே தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். அது அவருடைய முறை. யோசிக்கிறாரா, தூங்குகிறாரா என்று கேட்பது என் வேலை இல்லை. டீக்கடையின் முன்பக்கம் கண்ணாடி ஜாடியில் மிட்டாய் இருந்தது, என் கைக்கு எட்டு அடி தூரம். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து போனால் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனதாக ஆகும்.

பதினேழு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அது எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குத்தான் தெரியும். நடுவில் ஒருவர் வந்து டீ கேட்டார், கடைக்காரன் இல்லை என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லி அனுப்பினேன். கடைசி இரண்டு நிமிஷத்தில் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டேன். அவர் நேரம் முடிந்து கடிகாரக் கொடி விழுந்ததும் நோட்டில் ‘கறுப்பு வெற்றி, நேரம் முடிந்ததால்’ என்று எழுதி, நாள் போட்டு, கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகுதான் 108-க்கு அடித்தேன். வண்டி வருவதற்குள் ஜாடியிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து அவர் வாயிலும் வைத்தேன். ஆட்டம் முடிந்ததும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், சொன்னதைச் செய்தேன். அவர் அதை வாயில் வைத்துக்கொள்ளவில்லை.

தர்மபுரி போவதற்குள் முடிந்துவிட்டது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்றார்கள். பிள்ளைக்காக விரதம் இருந்து உயிரை விட்டார் என்று ஊர் பேசியது. நானும் மறுக்கவில்லை, அது பொய் இல்லையே. அடக்கத்தில் பெட்டியின் ஒரு பக்கத்தை நான்தான் தூக்கினேன், நீங்களே பார்த்தீர்கள்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். ராயம்மா அண்ணி எனக்குத் தனியாகக் காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழவில்லை. அழுது ஓய்ந்த முகம்.

“எனக்கு ஒண்ணுதான் வெளங்கல தம்பி. அவரு பட்டினியே கெடந்ததில்ல. சர்க்கரக்காரன் வெறும் வயித்துல இருக்கக் கூடாது, உனக்கு ஒருசந்தி கெடையாதுன்னு ஃபாதரே சொல்லிட்டாரு. வெள்ளிக்கெழமையும் ரெண்டு சொம்பு கஞ்சி குடிச்சிட்டுதான் வூட்ட வுட்டுப் போவாரு. இந்த வருசம் யாரு சொல்லி இப்படிப் பண்ணாருன்னு தெரியல.”

வடையைத் தள்ளிவிடுவாரே என்று கேட்டேன். வயிறு நிறைந்திருக்கும், வேண்டாம் என்றிருப்பார் என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார்.

“பட்டினி கெடக்க முடியலயேன்னு அவருக்குக் கொற. அதுக்குப் பதிலா வேற ஒறுத்தல் வெச்சிருந்தாரு. எல்லாரும் கறிய வுடுவாங்க, பீடிய வுடுவாங்க, எனக்குப் புடிச்சது பச்சிய செயிக்கறதுதான், தவக்கால வெள்ளிக்கு அத வுட்டுடறேம்பாரு. தோத்துட்டா உங்களுக்குத் தெரிஞ்சி கோவிச்சுக்குவீங்களாம். அதனால சமமா முடிச்சிடுவாராம். செயிக்கறத வுட அதுதான் கஷ்டம்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

காப்பியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பழைய டிராக்கள் பதினாலையும் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். அண்ணி சொன்னது உண்மை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு இடத்தில் அவருக்கு நல்ல வழி இருந்திருக்கிறது, அதைத் தாண்டிப் போய் எனக்குச் சந்தேகம் வராத இன்னொரு வழியை எடுத்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அதற்கு முன்பு எந்தத் தோல்வியிலும் வந்ததில்லை. ஒன்பது வருஷம் ஒரு மனுஷனை இப்படியா ஏமாற்றுவது. நான் என் அறிவால் வாங்கியது என்று நினைத்த டிராவெல்லாம் அவர் போட்ட பிச்சை. இந்த வருஷத்து மூன்றும் அப்படித்தான். பட்டினியோடு உட்கார்ந்தும் அதைச் செய்திருக்கிறார். பதினேழையும் சிவப்பு மையில் அடித்துத் தோல்வி என்று மாற்றினேன். நான் மற்றவர்களை மாதிரி இல்லை, எனக்குப் பாதகமானதையும் எழுதுவேன்.

கடைசி ஆட்டத்தையும் போட்டுப் பார்த்தேன். கை நீட்டியபோது நிலை என்ன என்று ஆப் கேட்டவுடன் காட்டியது. ஒரு புள்ளிகூட யாருக்கும் கூடுதல் இல்லை, சரிசமம். எனக்கு நிலை நன்றாக இருந்தது என்று நான் நினைத்தது தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிராவைக் கேட்பது அவர் உரிமை, மறுப்பது என் உரிமை. நேரம் முடிந்தால் தோல்வி. நிலை சமமாக இருந்தாலும் அதுதான் விதி.

ஆகவே மொத்தம் அறுநூற்று இருபத்தெட்டு ஆட்டம். எனக்கு அறுநூற்று இருபத்தேழு தோல்வி, ஒரு வெற்றி. நோட்டுகளைக் கேட்டால் கொண்டுவந்து தருகிறேன். இந்தக் கடிதத்தை யாருக்குக் காட்ட வேண்டுமோ காட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. குப்புராஜைத் தொந்தரவு செய்ய வேண்டாம், அவனுக்கு எதுவும் தெரியாது. டீயில் சர்க்கரை போடாதே என்றது நான், மிட்டாயைக் கொட்டியது நான், உட்கார்ந்திருந்தது நான். ஃப்ளெக்ஸில் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், அல்லது ‘ஒரே ஒரு முறை தவிர’ என்று சேர்த்துவிடுங்கள். என் பெயர் போட வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்களாக யோசிக்கக்கூடும் என்பதால். ஒன்பது வருஷத்தில் நான் தப்பாக ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அண்ணன் விரலை வைத்து, இங்கேதான் தப்பு பச்சி என்று காட்டியிருக்கிறார். ஒரு முறைகூட விட்டதில்லை. அன்றைய ஆட்டத்துக்குப் பிறகு அவர் எதையும் காட்டவில்லை. அதனால் அந்த ஆட்டத்தில் என் பக்கம் தப்பு எதுவும் இல்லை.